தரிசு என்று சொல்லப்பட்ட நிலம்

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து வடகோடியில், ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், தாக்கர் பாஸ் என்னும் கணவாய் உள்ளது. கிழக்கிலிருந்து வந்த குடியேறிகளின் கண்ணுக்கு அப்பகுதி தரிசாகவே பட்டது. எங்கு நோக்கினும் சேஜ்பிரஷ் என்னும் சாம்பல்நிறப் புதர். நம் சித்த மருத்துவம் அறிந்த மாசிபத்திரியின் பேரினத்தைச் சேர்ந்தது அது. தாமஸ் நட்டால் 1841-இல் அதற்கு அறிவியற்பெயர் சூட்டுவதற்கு நெடுங்காலம் முன்பே பையூட் பழங்குடியினர் அதனை மருந்தாகக் கொண்டிருந்தனர். 1865 செப்டம்பரில் இக்கணவாயை அடுத்த பகுதியில் அமெரிக்கக் குதிரைப்படை அம்மக்களுள் 30-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

உண்மையில் அது தரிசன்று. சேஜ்பிரஷின் ஆழ்வேர் அடிமண்ணின் ஈரத்தை இரவில் மேல்மண்ணுக்கு ஏற்றித் தருகிறது. அதன் நிழலில் கொத்துப்புற்களும் காட்டுப்பூச்செடிகளும் வாழ்கின்றன. பனிக்காலத்தில் சேஜ் கிரௌஸ் என்னும் பறவைக்கு அதன் இலையே உணவு. ஆயின், எரிந்த புதர் வேரிலிருந்து மீண்டும் துளிர்ப்பதில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யூரேசியாவிலிருந்து வந்து புகுந்த சீட்கிராஸ் என்னும் புல், கோடை தொடங்கியதும் உலர்ந்து தீயைப் பரப்புவதால், இப்புதர்நிலம் சுருங்கி வருகிறது.

2021 ஜனவரியில் இங்கு லித்தியம் சுரங்கத்துக்கு அந்நாட்டு நடுவண் அரசு ஒப்புதல் அளித்தது. வழக்குகளுக்கிடையே 2023-இல் பணி தொடங்கியது. புவி வெப்பத்தைத் தணிக்க மின்வாகனங்கள் வேண்டும். அவற்றின் மின்கலங்களுக்கு லித்தியம் வேண்டும். இதனை மறுப்பதற்கில்லை. ஆனால், தோண்டிய நிலத்தில் மீண்டும் விதைத்தாலும், புதர் முதிர்ந்து, புல்லும் பூவும் பறவையும் கூடிய சமூகமாவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். இழப்பைக் கணக்கிட்டு எடுக்கும் முடிவு வேறு. இழக்க ஏதுமில்லை என்றெண்ணி எடுக்கும் முடிவு வேறு. தரிசு என்னும் சொல் அந்தக் கணக்கை எழுதவே விடுவதில்லை.