தட்டும் அட்டையும்

1981-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதம் 12-ஆம் தேதி ஐ.பி.எம். ஸ்தாபனத்தார் நியூயார்க் நகரில் தங்கள் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை உலகத்தாருக்குக் காட்டியபோது, அதில் கணக்கிடும் திறன் இருந்தது, உறுதியான விசைப்பலகை இருந்தது, பிற்பாடு வேண்டிய அட்டைகளைச் செருகிக்கொள்ள ஐந்து ஸ்லாட்டுகளும் இருந்தன. ஆனால் செய்த காரியத்தைத் தன்னுள்ளேயே நெடுநாள் வைத்துக் காக்கும் சக்தி மட்டும் அதற்கு இல்லை. மின்சாரம் நின்ற கணமே அன்றைய உழைப்பு அத்தனையும் அழிந்துபோகும். அழியாமல் காக்க வேண்டுமானால், சாதாரண ஒலிநாடாவிலோ, 160 கிலோபைட் மட்டுமே கொள்ளும் பிளாப்பியிலோ பிரதி எடுத்து, அதைக் கழற்றி மேஜை அறையில் பத்திரப்படுத்த வேண்டும். அந்த யந்திரத்துக்குள் ஹார்ட் டிஸ்க் என்ற தட்டும், அதை ஆளும் கண்ட்ரோலர் கார்டு என்ற அட்டையும் குடிபுகுந்த வரலாறே இக்கட்டுரையின் விஷயம். தட்டின் பெருமையைப் பேசியவர்கள் அநேகர். அட்டையை நினைவுகூர்ந்தவர்கள் வெகு சிலர். சாமானிய ஜனங்களின் மேஜைமேல் இருந்த கம்ப்யூட்டருக்கு நிலையான ஞாபகம் வாய்த்ததற்கு அட்டையும் தட்டைப் போலவே காரணம் என்பதும், ஒன்றைப் பிரித்தால் மற்றது பயனற்றதாகிவிடும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

தட்டின் பூர்வோத்தரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கலிபோர்னியாவில் சான் ஹோசே நகரத்தில், ரெய்னால்ட் ஜான்சன் என்பவரின் தலைமையில் இயங்கிய ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து 1956-இல் வெளிவந்த முதல் தட்டு யந்திரத்தில், 24 அங்குல விட்டமுள்ள 50 தகடுகள் ஒரே அச்சில் சுழன்றன; ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள அந்தப் பேழை கொண்டது 50 லட்சம் எழுத்துக்களே. 1973-இல் அதே ஸ்தாபனம் வின்செஸ்டர் என்ற செல்லப்பெயரால் வழங்கிய புதிய அமைப்பைக் கொண்டுவந்தது. தகடுகளும் அவற்றைப் படிக்கும் தலைகளும் தூசி புகாதபடி ஒரே உறைக்குள் அடைக்கப்பட்டதும், சுழற்சி நின்றவுடன் தலைகள் தகட்டின் மேலேயே சேதமின்றி இறங்கி அமரும்படி செய்ததும் அதன் விசேஷங்கள். ஐ.பி.எம்.மில் தட்டு வேலையில் தேர்ந்து வெளியேறிய ஆலன் ஷுகார்ட், பினிஸ் கானர் முதலியோருடன் கூடி 1979-இல் தொடங்கிய, பின்னர் சீகேட் என்று பெயர் பெற்ற கம்பெனி, மறுவருஷமே எஸ்.டி.-506 என்ற தட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஐந்தேகால் அங்குல பிளாப்பி டிரைவ் அடைத்துக்கொள்ளும் அதே இடத்தில் அது அடங்கிற்று. 5 மெகாபைட் கொண்டது. விலை 1,500 டாலர். அதன் இளைய சகோதரனாக 1981-இல் வந்த எஸ்.டி.-412, அதைப் போல் இருமடங்கு கொண்டது.

இக்காலத்துத் தட்டுக்களை மாத்திரம் அறிந்தவர்கள் இங்கே ஒரு விஷயத்தை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். எஸ்.டி.-412 போன்ற தட்டு, தான் எதைத் தாங்கியிருக்கிறோம் என்பதைச் சற்றும் அறியாதது. தகட்டின் வட்டமான ஒரு தடத்தில் எத்தனை செக்டர்கள் என்ற துண்டுகள் உள்ளன, எது முதலாவது, எழுதியது சரியாக எழுதப்பட்டதா என்ற கேள்விகளுக்கு அதனிடம் பதில் கிடையாது. தலையை உள்ளே நகர்த்து, வெளியே நகர்த்து, இன்ன தலையைத் தேர்ந்துகொள் என்ற கட்டளைகள் 34 கம்பிகள் கொண்ட பட்டைக் கேபிளின் வழியே அதற்குப் போகும். தகட்டிலிருந்து எழும் காந்தத் துடிப்புகள், பொருள் பிரிக்கப்படாமலே, 20 கம்பிகள் கொண்ட மற்றொரு கேபிளின் வழியே திரும்பி வரும். வினாடிக்கு 50 லட்சம் பிட் வேகத்தில் வரும் அந்தத் துடிப்புகளிலிருந்து பிட்டுகளைப் பிரித்தெடுப்பதும், செக்டரின் தலைப்பை அடையாளம் காண்பதும், பிழை உண்டா என்று சோதிப்பதும் முழுக்க முழுக்க அட்டையின் காரியங்கள்.

முதல் பெர்சனல் கம்ப்யூட்டரில் இவற்றைப் பொருத்த விரும்பியவர்களுக்கு மூன்று இடையூறுகள் குறுக்கிட்டன. அதன் பவர் சப்ளை 63.5 வாட் மட்டுமே தரவல்லது. கனத்த தகடுகளைச் சுழற்றித் தொடங்கிவைக்க அது போதவில்லை. ஐந்து ஸ்லாட்டுகளில் திரைக்கு ஒன்றும் பிளாப்பிக்கு ஒன்றும் போய், கூடுதல் நினைவகத்துக்கும் அச்சு யந்திரத்துக்கும் இடம் விட்டபின் எஞ்சியது சொற்பம். எல்லாவற்றிலும் பெரிய இடையூறு, யந்திரத்தை விழிக்கச் செய்யும் பயாஸ் என்ற நிரலில் இருந்தது. ஹார்ட் டிஸ்க் அட்டை தன்னை இயக்கும் முறையைத் தன்னுடைய ராம் சில்லில் அல்ல, ரோம் சில்லில் சுமந்து வருகிறது. யந்திரம் விழித்தெழும்போது அந்த ரோமைத் தேடிப் படித்தால்தான் தட்டு என்றொரு பொருள் இருப்பதே அதற்குத் தெரியும். 1981-ஆம் வருஷத்துப் பயாஸுகள் அப்படித் தேடவில்லை. 1982 அக்டோபர் 27 என்று தேதியிட்ட பயாஸ்தான் முதன்முதலில் தேடிற்று. ஆகையால் பழைய யந்திரம் வைத்திருந்தவர்கள், தட்டு வாங்கும் முன்னர் தாய்ப்பலகையில் இருந்த ஒரு சில்லைப் பெயர்த்துப் புதிய சில்லைப் பதிக்க வேண்டியவர்களானார்கள்.

1983-ஆம் வருஷம் மார்ச் 8-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட பி.சி. எக்ஸ்.டி. இந்த மூன்று இடையூறுகளையும் ஒருங்கே நீக்கிற்று. ஸ்லாட்டுகள் எட்டு, பவர் சப்ளை 130 வாட், எஸ்.டி.-412 இனத்து 10 மெகாபைட் தட்டும், அதை ஆள ஸீபெக் கம்பெனியார் செய்துதந்த அட்டையும் யந்திரத்துடனேயே வந்தன. விலை 4,995 டாலர். அதற்குள் கொள்ளளவு பெருகியிருந்த பிளாப்பிகளிலும் முப்பதுக்குச் சற்றுக் குறைந்தவை கொள்வதை ஒரே தட்டு கொண்டது. அத்தனை கோப்புகளையும் ஒரே பட்டியலில் கொட்டினால் தேடி எடுப்பது அசாத்தியமாகும் ஆதலால், கூடவே வெளிவந்த டாஸ் 2.0 என்ற இயக்க மென்பொருள் கோப்புகளை டைரக்டரிகளாகப் பிரித்து அடுக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஏ என்ற எழுத்தும் பி என்ற எழுத்தும் பிளாப்பிகளுக்கு ஏற்கெனவே உரிமையாகிவிட்டபடியால் தட்டுக்குச் சி என்ற எழுத்து கிடைத்தது. பிளாப்பிகள் ஒழிந்து வெகுகாலம் ஆன பின்னும், விண்டோஸ் யந்திரங்களில் அது அப்படியே நிற்கிறது.

எக்ஸ்.டி.யின் வெற்றியைக் கண்டு பல கம்பெனிகள் தட்டும் அட்டையும் கேபிளும் சேர்த்துப் பெட்டியிலிட்டு விற்கத் தொடங்கவே, தட்டுப் பொருத்துவது ஒரு கைத்தொழிலாகவே ஆயிற்று. அதன் நுட்பங்களைச் சற்று அருகில் சென்று பார்ப்பது தகும். பட்டைக் கேபிளின் ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு எப்போதும் முதலாவது ஊசியின் பக்கம் இருக்க வேண்டும் என்பது தொழிலின் முதற்பாடம். இரண்டாவது பாடம் கடினமானது. 34 கம்பிக் கேபிளின் கடைசி இணைப்பானுக்கு முன்னால், நடுவில் சில கம்பிகளை மட்டும் பிரித்து முறுக்கி மாற்றியிருப்பார்கள். இந்த முறுக்கினால்தான், ஜம்பர் என்ற சிறு செருகி ஒரே மாதிரி இடப்பட்ட இரண்டு தட்டுக்களில் எது முதலாவது, எது இரண்டாவது என்பதை அட்டை அறிகிறது. பிளாப்பிக்கு உரிய கேபிளும் அதே 34 கம்பிகள் கொண்டது. அதிலும் ஒரு முறுக்கு உண்டு. ஆனால் பிளாப்பிக் கேபிளில் முறுக்கியிருப்பது பத்தாவது முதல் பதினாறாவது வரையுள்ள கம்பிகளை. ஹார்ட் டிஸ்க் கேபிளில் இருபத்தைந்து முதல் இருபத்தொன்பது வரையுள்ளவற்றை. இந்த வேற்றுமையைக் கண்ணால் எண்ணிப் பாராமல் ஒன்றுக்கு மற்றொன்றை மாட்டியவர்களுக்கு, திரையில் 1701 என்ற பிழை எண் தோன்றுவதன்றி வேறு விமோசனம் இல்லை. இவற்றோடு, கேபிளின் கோடியில் இருக்கும் தட்டில் மட்டுமே மின்தடைக் கட்டு இருக்க வேண்டும், நடுவில் இருப்பதிலிருந்து அதைப் பிடுங்கிவிட வேண்டும் என்ற நியமமும் உண்டு.

அட்டையும் தட்டும் இணைந்த பிறகும் தட்டு வெறும் வெற்றுத் தகடே. அதில் தடங்களையும் செக்டர்களையும் வகுத்து எழுதும் அடித்தள பார்மட், அதே யந்திரத்தில் அதே அட்டையைக் கொண்டு செய்யப்பட வேண்டும். பல அட்டைகளில் இதற்கான நிரல் அட்டையின் ரோமிலேயே இருந்தது. டாஸின் டீபக் நிரலைத் திறந்து சி800:5 என்ற விலாசத்துக்குப் போகச் சொன்னால் அது விழித்துக்கொண்டு கேள்விகளைக் கேட்கும். அந்தக் கேள்விகளில் ஒன்று, தட்டில் பழுதான இடங்கள் யாவை என்பது. தொழிற்சாலையில் சோதித்தபோது காந்தப் பூச்சில் குறை கண்ட இடங்களை, இன்ன சிலிண்டர், இன்ன தலை என்று எண்களால் குறித்து, தட்டின் மேலேயே ஒரு சீட்டில் அச்சிட்டு ஒட்டியிருப்பார்கள். வாங்கியவர் அந்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்டச்சு செய்ய வேண்டும். தன் குறைகளைத் தானே எழுதி நெற்றியில் ஒட்டிக்கொண்டு கடைக்கு வந்த சரக்கு இது. இன்றைய தட்டுக்களிலும் பழுதுகள் இருக்கின்றன. அவை நமக்குத் தெரியாதபடி உள்ளேயே மறைக்கப்படுகின்றன. வாங்குகிறவரை நம்பி உண்மையைச் சொன்ன அந்தச் சீட்டின் மேல் எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டு.

மற்றொரு கேள்வி இன்டர்லீவ் எத்தனை என்பது. நிமிஷத்துக்கு 3,600 முறை சுழலும் தட்டில், ஒரு தடத்துக்கு 17 செக்டர்கள் வீதம், ஒரு செக்டர் தலையின் கீழ் கடந்துபோக ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவாகவே ஆகும். எக்ஸ்.டி. அதற்குள் ஒரு செக்டரை வாங்கி வைத்து அடுத்ததற்குத் தயாராக இயலாது. தயாராகும்போது அடுத்த செக்டர் கடந்துபோயிருக்கும், அது மீண்டும் வரும்வரை ஏறக்குறைய ஒரு முழுச் சுற்று காத்திருக்க வேண்டும். ஆகையால் செக்டர்களுக்கு எண்ணிடும்போது இரண்டாம் எண்ணை அடுத்த இடத்துக்கு இடாமல், ஆறு இடம் தள்ளி இட்டார்கள்; இந்தத் தள்ளலே இன்டர்லீவ். ஒரு முழுத் தடத்தைப் படிக்க ஆறு சுற்றுக்கள், அதாவது ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு, ஆயிற்று. மெதுவாகத் தோன்றும் இந்த ஏற்பாடே அந்த யந்திரத்தில் மிக வேகமானது. ஆத்திரப்பட்டு நெருக்கமான எண்ணைக் கொடுத்தவர்களுக்கு ஒவ்வொரு செக்டருக்கும் ஒரு சுற்று வீணாயிற்று.

இவ்வாறு வகுத்து எழுதியது அட்டையே ஆதலால், ஒரு கம்பெனியின் அட்டை எழுதியதை வேறொரு கம்பெனியின் அட்டை படிக்கும் என்ற நிச்சயம் இல்லை. சுருக்கெழுத்துக்காரர் தம் கைப்போக்கில் எழுதிய குறிப்பை அவரே படிக்க வேண்டியிருப்பதைப் போல, எழுதிய அட்டையைத்தான் தேடிப் போக வேண்டும். தட்டு செவ்வையாக இருந்தும் அட்டை கெட்டுப்போனதனால், அதே இன அட்டை கிடைக்கும் வரை கணக்கேடுகள் கைக்கு எட்டாமல் போவது இம்முறையில் இயல்பான ஆபத்து. பின்னர் சில அட்டைகள் கையாண்ட ஆர்.எல்.எல். என்ற புதிய குறிமுறை, தடத்துக்கு 17-க்குப் பதில் 26 செக்டர்களை எழுதி, 20 மெகாபைட் தட்டை 30 ஆக்கிற்று. அதற்கென்று சோதிக்கப்படாத தட்டுக்களிலும் ஆசை காரணமாக அதைப் பிரயோகித்தவர்கள் சேமித்த இடத்தோடு சேமித்த விஷயத்தையும் இழக்க நேர்ந்தது.

அட்டை மறைந்த கதை சுருக்கமானது. 1985-இல் பிளஸ் டெவலப்மென்ட் என்ற கம்பெனி தட்டையே அட்டையின் மேல் பதித்து, ஒரே ஸ்லாட்டில் செருகும்படி ஹார்ட்கார்டு என்ற பெயரில் விற்றது. கேபிளும் முறுக்கும் ஒரே அடியில் ஒழிந்தன. 1986-இல் காம்பாக் கம்பெனியின் யந்திரங்களில் ஐ.டி.இ. முறை வந்து, கண்ட்ரோலர் தட்டின் அடியிலேயே ஒட்டிக்கொண்டது. எழுதுகிற கையும் எழுதப்படும் ஏடும் பிரியாதபடி சேர்ந்தது நல்லதே, அதை மறுப்பதற்கில்லை.

இப்போது அத்தகைய பழைய யந்திரங்களை உயிர்ப்பிப்பவர்கள், கேமராக்களில் பயன்பட்ட காம்பாக்ட் பிளாஷ் கார்டை எக்ஸ்.டி.-ஐ.டி.இ. என்னும் புதிய அட்டை மூலம் இணைத்து, சத்தமில்லாத தட்டாக உபயோகிக்கிறார்கள். யந்திரத்தை ஓட்டிப் பார்ப்பதற்கு அது சிறந்த உபாயம். ஆனால் பழைய தட்டு கைக்குக் கிடைத்தவர்களிடம் என் வேண்டுகோள் வேறு. அதனோடு வந்த அட்டையை ஒருபோதும் பிரித்து விற்காதீர்கள். கேபிளைக் கழற்றும் முன்னர் எது எங்கே இருந்தது, ஜம்பர் எந்த இடத்தில் இருந்தது என்று படமெடுத்தோ எழுதியோ வையுங்கள். தட்டின் மேல் ஒட்டிய பழுதுச் சீட்டைக் கிழிக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னதாக, தட்டு சுழன்று, அதன் சொந்த அட்டை அதைப் படிக்குமானால், அன்றே அதிலுள்ளவற்றைப் பிரதி எடுத்துவிடுங்கள். அடித்தள பார்மட் செய்வதைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.