படைப்பாற்றல், நுண்ணறிவு, கல்வி அடைவு

உயர்நிலைப் பள்ளி மாணவரின் கல்வி அடைவோடு அவரது நுண்ணறிவும் படைப்பாற்றலும் கொண்டுள்ள தொடர்பு, கல்வி உளவியலில் நெடுங்காலமாக ஆராயப்படும் பொருள். நுண்ணறிவுக்கும் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு வலுவானது. படைப்பாற்றலுக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் அது மிதமானது.

ஆய்வு வரலாறு

ஒரே சரியான விடையை நாடுவது குவிசிந்தனை; பல விடைகளைத் தேடுவது விரிசிந்தனை. இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டிய ஜே. பி. கில்ஃபோர்டு, 1950இல் அமெரிக்க உளவியல் சங்கத் தலைமையுரையில் படைப்பாற்றல் ஆய்வின் தேவையை வலியுறுத்தினார். கெட்செல்ஸ், ஜாக்சன் இருவரும் சிகாகோ பள்ளி மாணவரிடம் செய்த ஆய்வு 1962இல் வெளிவந்தது. அதில் படைப்பாற்றல் மிக்க குழுவின் சராசரி நுண்ணறிவு ஈவு, நுண்ணறிவு மிக்க குழுவைவிட 23 புள்ளிகள் குறைவு. ஆயினும் இரு குழுக்களின் கல்வி அடைவும் சமமாகவே இருந்தது. ஆசிரியர்கள் விரும்பியதோ நுண்ணறிவு மிக்கவர்களை. டாரன்ஸின் படைப்பாற்றல் சோதனைகள் 1966இல் வெளிவந்தன. இந்திய மாணவருக்கென பாக்கர் மெஹ்தி, பி. கே. பாஸி ஆகியோர் சோதனைகளை உருவாக்கினர்.

தொடர்பின் அளவு

இங்கிலாந்தில் 70,000க்கும் மேற்பட்ட மாணவரின் 11 வயது நுண்ணறிவையும் 16 வயதுத் தேர்வு அடைவையும் ஒப்பிட்ட ஆய்வு (2007), ஒட்டுறவுக் கெழு 0.81 எனக் கண்டது. கணித மதிப்பெண் வேறுபாட்டில் ஏறத்தாழ 59 விழுக்காட்டை நுண்ணறிவு விளக்கியது. கலை, வடிவமைப்புப் பாடத்தில் 18 விழுக்காட்டை மட்டுமே. படைப்பாற்றலுக்கும் கல்வி அடைவுக்கும் உள்ள தொடர்பு குறித்த 120 ஆய்வுகளின் தொகுப்பாய்வு (2017), கெழு 0.22 என்றது. சொல்வழிச் சோதனைகளில் இத்தொடர்பு படவழிச் சோதனைகளைவிட வலுவாக இருந்தது.

பெஹாலாவில்

தேர்வு மதிப்பெண் படைப்பாற்றலை எவ்வளவு காட்டுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: தென்மேற்குக் கொல்கத்தாவின் பெஹாலாவில், மாநில வாரியப் பள்ளி மாணவர்கள் பத்தாம் வகுப்பில் மாத்யமிக் தேர்வு எழுதுகின்றனர். கட்டாயப் பாடங்கள் ஏழு. மொத்தம் 700 மதிப்பெண். ஒவ்வொரு பாடத்திலும் 90 எழுத்துத் தேர்வுக்கு, 10 பள்ளியின் அகமதிப்பீட்டுக்கு. ஓவியமும் இசையும் இந்த ஏழில் இல்லை. அதே பெஹாலா, ஆண்டுதோறும் புதிய கருப்பொருளில் எழுப்பப்படும் துர்கா பூஜைப் பந்தல்களுக்குப் பெயர்பெற்றது. 2020இல் பரிஷா கிளப், ஊர் திரும்பும் புலம்பெயர் தொழிலாளித் தாயாகத் துர்கையை வடித்தது. இத்தகைய கலைச்சூழலில் வளரும் மாணவரின் கற்பனையை மாத்யமிக் மதிப்பெண் பட்டியல் காட்டுவதில்லை.

மதிப்பீடு

தேர்வு எதைக் கேட்கிறதோ அந்தத் திறனே மதிப்பெண்ணாகிறது. ஆகவே மதிப்பெண் குறைந்த மாணவரைப் படைப்பாற்றல் அற்றவர் எனக் கருதுவது தவறு. பல விடைகளுக்கு இடம்தரும் வினாக்களும் செயல்திட்டங்களும் மதிப்பீட்டில் உரிய இடம் பெறவேண்டும்.