யாருடைய சேகரிப்பு? குராஷிகியின் ஓஹரா கலைக்கூடத்தை முன்வைத்து

ஜப்பானின் குராஷிகி நகரில் 1930 நவம்பரில் திறக்கப்பட்ட ஓஹரா கலைக்கூடம், மேற்கத்தியக் கலைக்கென அந்நாட்டில் எழுந்த முதல் தனியார் அருங்காட்சியகம். பஞ்சாலை அதிபர் ஓஹரா மகோசபுரோவின் சொந்தச் சேகரிப்பிலிருந்து பிறந்தது என்றே அதை அறிமுகப்படுத்துவது வழக்கம். பணம் அவருடையதுதான். ஆனால் அந்த அறிமுகம், செல்வர் ஒருவர் தம் ரசனைக்குச் சேர்த்ததைப் பின்னாளில் ஊருக்குத் திறந்துவிட்டார் என்ற எண்ணத்தைத் தருகிறது. நடந்தது அதுவன்று.

தேர்ந்தெடுத்தவர் கொஜிமா தொராஜிரோ (1881–1929) என்ற ஓவியர். ஓஹராவின் உதவித்தொகையில் படித்தவர். 1908இல் ஐரோப்பா சென்று பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பயின்றார். ஊர் திரும்புமுன் எட்மோன் அமான்-ஜானின் ‘கூந்தல்’ ஓவியத்தை வாங்கித் தருமாறு அவர் ஓஹராவை வேண்டியதற்குச் சொன்ன காரணம், ஜப்பானியக் கலையுலகுக்கு அது பயன்படும் என்பதே. 1919இல் மீண்டும் சென்றபோதும் அதே காரணத்தை எழுதி அனுமதி பெற்றார். ஜிவெர்னியில் மோனேயை நேரில் கண்டு ‘அல்லிக் குளம்’ ஒன்றை வாங்கினார், மத்தீசிடமிருந்தும் ஒன்று.

1921இல் இப்படங்கள் குராஷிகியின் தொடக்கப்பள்ளி ஒன்றில் காட்சிக்கு வைக்கப்பட்டன. அச்சில் மட்டுமே பார்த்திருந்த ஐரோப்பிய ஓவியங்களின் மூலங்களைக் காண வெளியூர்களிலிருந்தும் திரண்டு வந்தார்கள். அந்த வரவேற்பைக் கண்ட பிறகே ஓஹரா, மேலும் வாங்கிவர 1922இல் கொஜிமாவை மூன்றாம் முறை அனுப்பினார். ஆகவே பார்வையாளர்கள் சேகரிப்புக்குப் பின் வந்தவர்களல்லர். அதன் பெரும்பகுதி அவர்களை முன்னிட்டே உருவானது. கலைக்கூடத்தின் தொடக்கத்தை 1930இலிருந்து 1921க்கு நகர்த்த வேண்டும் என்று நான் வாதிடுவது இதனால்தான்.

அந்த மூன்றாம் பயணத்தில், பாரிஸில் கண்டெடுத்தது எல் கிரெக்கோவின் ‘மங்கள வார்த்தை’. புத்தகத்தின் முன்னிருந்த மரியாள் முகத்தைத் திருப்பி நிமிர்கிறாள், மேகத்தின்மேல் வானதூதர், இருவருக்கும் மேலே ஒளியைப் பிளந்து இறங்கும் புறா. சமகாலப் பிரெஞ்சு ஓவியங்களைத் தேடிப் போனவர் முந்நூறு ஆண்டுப் பழைய சமயச் சித்திரத்தின் முன் நின்றது ஏன்? துணி மடிப்புகளில் வண்ணமே ஒளியாக மாறும் விதத்தைப் பாருங்கள். தூரிகை பிடித்தவருக்கு அது பாடம். விலை மிகுதி, ஓஹராவின் ஒப்புதல் கேட்டே வாங்கினார்.

கப்பல்கட்டும் தொழிலதிபர் மத்சுகத்தா கோஜிரோவுக்கும் பொது நோக்கம் இருந்ததே, அவருக்கு ஆலோசனை சொன்ன பிராங்வினும் ஓவியர்தானே என்று மறுக்கலாம். நியாயமான மறுப்பு. ஆயினும் மத்சுகத்தா வாங்கியவை ஓஹராவினுடையவற்றைவிடப் பன்மடங்கு. அவர் திட்டமிட்ட அருங்காட்சியகம் எழவே இல்லை. 1927 நிதி நெருக்கடியில் நிறுவனம் ஆட்டங்கண்டதும் ஜப்பானிலிருந்தவை விற்பனைக்குப் போயின. லண்டனில் வைத்திருந்தவற்றை 1939இல் தீ தின்றது. பிரான்சில் தங்கியவை போருக்குப் பின் அந்நாட்டரசின் கைக்குப் போய், 1959இல்தான் தோக்கியோ வந்தன. நோக்கத்தில் இருவரும் ஒன்று. வாங்கியதை உடனுக்குடன் ஊரார் கண்ணில் காட்டியதில்தான் வேறுபாடு.

உலகப் பொருளாதார மந்தம் ஓஹராவின் ஆலையையும் விட்டுவைக்கவில்லை. 1929இல் கொஜிமா இறந்தார். அந்த நெருக்கடியிலும், மறுஆண்டே நண்பரின் நினைவாகக் கட்டடத்தை எழுப்பித் திறந்தார் ஓஹரா. தொடக்க ஆண்டுகளில் ஒருவர்கூட வராத நாள்களும் இருந்தன. கதவை அவர் மூடவில்லை.