கரைக் கம்பி

சுவிசுக்கு வந்த இரண்டாவது வருசம் எனக்குக் கிடைத்த வேலை, கல்லுக்குக் கூடு கட்டுகிற வேலை. கம்பி வலைப் பெட்டியை விரித்து, மூலைகளை நிமிர்த்தி, கம்பியால் தைத்து, உள்ளே மலைக்கல்லை அடுக்கி மூடியையும் தைத்துவிட்டால் சரி. ஆற்றங்கரைச் சுவருக்கு ஒரு கல் தயார். 2 மீற்றர் நீளம், 1 மீற்றர் அகலம், 1 மீற்றர் உயரமுள்ள ஒரு பெட்டிக்குள் 3 தொன்னுக்கு மேலே கல் போகும். பெயர் கபியன். இத்தாலிய மொழியில் பெரிய கூண்டு என்று அர்த்தம்.

சம்பளம் பெட்டிக் கணக்கில். அதனால் நாங்கள் என்ன செய்தோம்? ஒரு கண் தைத்து மூன்று கண் விட்டோம். ஒருநாள் பின்னேரம் பெட்டியொன்று கல்லோடு வாயைப் பிளந்தது. நல்லகாலம், கீழே ஒருவரும் நிற்கவில்லை. போய்ப் பார்த்தால் வலையில் ஒரு கம்பிகூட அறவில்லை. விளிம்புதான் பிரிந்து கிடந்தது.

அதற்குப் பிறகுதான் இந்தச் சாமானின் கதையைத் தேடத் தொடங்கினேன். பழைய கதை. சீனாவில் சிச்சுவான் மாகாணத்தில் மின் ஆற்றை இரண்டாகப் பிரிக்க, கி.மு. 256 அளவில் லி பிங் என்ற ஆளுநர் மூங்கில் பிளாச்சில் நீளக் கூடைகள் பின்னி, கல் நிரப்பி ஆற்றில் இறக்கினார். டுஜியாங்யான் அணை அப்படித்தான் எழுந்தது. மூங்கில் உக்கும், ஆகவே திரும்பத் திரும்பப் பின்ன வேண்டும்.

ஐரோப்பாவில் இதைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் படைக்காரர்கள். பிரம்பு போன்ற மிலாறுகளில் அடியில்லாத கூடை பின்னி, மண்ணை நிரப்பி, பீரங்கிக்கு முன்னால் வரிசையாக வைப்பார்கள். 1854-55 செவஸ்தபோல் முற்றுகையிலும் இதுதான். (மண்மூட்டையும் பனங்குற்றியும் அடுக்கிய காவலரண்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இதில் புதினமில்லை.) அந்தக் கூடையிலும் பின்னல் கழராமல் இருக்க மேலும் கீழும் கொடியால் தைத்துத்தான் விடுவார்கள். அம்மா கடகத்தின் வாயை நாரால் இறுக்குவதும் இதற்குத்தானே!

பிறகு இரும்பு வந்தது. இங்கிலாந்தில் நோரிச் நகரத்து இரும்புக் கடைக்காரர் சார்ள்ஸ் பார்னாட், 1844இல் துணி நெய்யும் தறியைப் பார்த்துக் கம்பிவலை பின்னும் இயந்திரம் செய்தார். கோழிக்கூட்டு வலை அதன் பிள்ளைதான். தறியோடு தறியின் சொல்லும் கூடவே வந்துவிட்டது: துணியின் ஓரத்துக்குச் சொல்லும் அதே சொல்லைத்தான் ஆங்கிலத்தில் வலையின் ஓரக் கம்பிக்கும் சொல்கிறார்கள். நாங்கள் சேலைக்கும் ஆற்றுக்கும் 'கரை' என்கிறோமே, அதனால் நான் அதைக் கரைக் கம்பி என்றே சொல்லிக்கொள்வேன்.

இத்தாலியில் பொலோஞ்ஞாவுக்குப் பக்கத்தில் 1879இல் றஃபாயெலே மக்கஃபெரி என்பவர் கொல்லுப்பட்டறை ஒன்று தொடங்கினார். 1893இல் வெள்ளம் வந்து கசலெக்கியோவில் ரெனோ ஆற்று அணையை உடைத்தபோது, அதைத் திருத்தக் கம்பியாலான கற்சாக்குகள் போனது அங்கிருந்துதான். பெட்டி வடிவம் பிறகு வந்தது.

இனி அந்தக் கரைக் கம்பி. அறுகோண வலையில் ஒவ்வொரு சோடிக் கம்பியையும் இரட்டை முறுக்காக முறுக்குகிறார்கள். ஒன்று அறுந்தாலும் பின்னல் ஓடாது. பிளாஸ்ரிக் பூசிய வலையில் உள்ளே 2.7 மில்லிமீற்றர் கம்பி என்றால் ஓரத்தில் 3.4 மில்லிமீற்றர். பார்வைக்குச் சின்ன வித்தியாசம். ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பு ஒன்றரை மடங்குக்கு மேல். பெட்டி தன் வடிவத்தில் நிற்பது இந்தத் தடிப்பால்தான்.

ஆனால் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் 1997இல் வந்த ஏ975 என்ற தரக்குறிப்பைப் பாருங்கள். நாகம் பூசிய வலையை முறுக்கின் திசையில் இழுத்தால் மீற்றருக்கு 51.1 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். வலை கரைக் கம்பியோடு சேரும் இடத்தில் கேட்பது 20.4 மட்டும். இரண்டு பலகையைத் தைத்த இடத்திலும் அதே 20.4. அதாவது பாதிக்கும் குறைவு! கரைக் கம்பி எவ்வளவு தடித்தாலும், வலைக்கம்பி அதைச் சுற்றிப் பிடிக்கிற பிடிதான் கணக்கு. அந்த 20.4கூட, தையலில் ஒற்றைச் சுற்றும் இரட்டைச் சுற்றும் மாறிமாறி, 15 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி விடாமல் போட்டால்தான். நாங்கள் விட்ட மூன்று கண்ணுக்கு அதில் இடமே இல்லை.

பிளந்த பெட்டியை அடுத்தநாள் சம்பளமில்லாமல் திரும்பக் கட்டினோம். அது கீழிருந்து இரண்டாவது வரிசை. போன கோடையில் பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போனபோது இறங்கிப் பார்த்தேன். கம்பி கறுத்திருந்தது. கல்லிடுக்கில் ஒரு சின்ன மரம். என் தையலை விரலால் எண்ணிப் பார்த்தேன், ஒரு கண்ணும் தப்பவில்லை. "அப்பா என்ன தேடுறியள்?" என்று மகள் கேட்டாள்.