ஓ.டி. என்ற இரண்டெழுத்தும் சரபோஜியின் கேஸ் ஷீட்டும்

கொஞ்சம் நீளமான த்ரெட். தஞ்சாவூர் வரலாறுதான். ஆனா என்னோட ஒரு தப்புல இருந்துதான் தொடங்கணும்.

ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ கண் டிபார்ட்மெண்ட்ல போஸ்டிங். ஓ.பி.யில நல்ல கூட்டம். ஒரு அம்மா, நடவு வேலைக்குப் போறவங்க. ரெண்டு கண்ணுலயும் கிளாக்கோமா. அதாவது, பெரும்பாலும் கண்ணுக்குள்ள அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமா சாகிற நோய். வலி இருக்காது, அதான் ஆபத்து.

சீஃப் சொன்னது: ரெண்டு கண்ணுக்கும், ராத்திரி ஒரு வேளை, ஒரு சொட்டு. நான் சீட்டுல எழுதினது: மருந்து பேர், பக்கத்துல 'ஓ.டி.'. அவ்ளோதான்.

பொது மருத்துவத்துல ஓ.டி.ன்னா தினம் ஒரு முறை. கண் மருத்துவத்துல ஓ.டி.ன்னா வலது கண். ரெண்டுமே லத்தீன்ல இருந்து வந்த சுருக்கம். எழுதின எனக்கு முதல் அர்த்தம். ஊர்ல அந்த அம்மாவுக்குச் சீட்டைப் படிச்சுச் சொன்னவர் முன்னாடி ஒரு கண்ணாடிக் கடையில வேலை பார்த்தவர். அவருக்கு ரெண்டாவது அர்த்தம். அவர் மேல தப்பே இல்ல, சரியாத்தான் படிச்சிருக்கார்.

ரிவ்யூ தேதி சம்பா நடவுல மாட்டிக்கிச்சு. நாலு மாசம் கழிச்சு வந்தாங்க. வலது கண் அழுத்தம் அழகா குறைஞ்சிருந்தது. இடது கண்ணுல அப்படியே இருந்தது, பார்வை வட்டம் இன்னும் சுருங்கியிருந்தது. கிளாக்கோமாவுல போன பார்வை திரும்ப வராது.

கண் பி.ஜி. அக்கா கூப்பிட்டு சீட்டைக் காட்டினாங்க. "இது உன் கையெழுத்தா?" அந்த அம்மா கோபப்படவே இல்ல. "சீட்டுல போட்டபடிதான் தம்பி விட்டேன், ஒருநாளும் விடலை"ன்னாங்க. திட்டியிருந்தா பரவாயில்லன்னு இருந்துச்சு.

இப்போ வரலாற்றுக்கு வருவோம்.

அதுக்கப்புறம்தான் சரபோஜியோட கேஸ் ஷீட்டுகளைப் பத்தித் தேடிப் படிச்சேன். இரண்டாம் சரபோஜி 1798ல் தஞ்சை அரியணை ஏறினார். அடுத்த வருஷமே, 1799 ஒப்பந்தத்துல, நாட்டு நிர்வாகம் கம்பெனி கைக்குப் போயிடுச்சு. ராஜாவுக்கு மிஞ்சினது கோட்டையும் அரண்மனையும்தான். ஆளுறதுக்கு நாடு இல்லாத ராஜா என்ன பண்ணுவார்? இவர் புத்தகம் சேர்த்தார், அச்சகம் வெச்சார், தன்வந்திரி மகால்னு ஒரு மருத்துவ நிலையம் நடத்தினார். சித்தா, ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில மருத்துவம் எல்லாத்துக்கும் அங்க இடம் இருந்தது.

கண் நோய்ல அவருக்குத் தனி ஈடுபாடு. மக்பீன்னு ஒரு ஆங்கில டாக்டர் துணையோட கண்புரை உள்ளிட்ட கண் சிகிச்சைகள் நடந்திருக்கு. அந்த நோயாளிகளோட கேஸ் ஷீட்டுகள் இன்னும் சரஸ்வதி மகால் நூலகத்துல இருக்கு. நோயாளிக்கு என்ன பிரச்சினை, என்ன சிகிச்சை கொடுத்தாங்கன்னு விவரமா எழுதி, கூடவே கண்ணோட படமும் வரைஞ்சு வெச்சிருக்காங்க. இருநூறு வருஷம் முன்னாடி!

நம்ம ஆளுங்க அப்பவே எல்லாம் கண்டுபிடிச்சுட்டாங்கன்னு ஃபார்வர்டு பண்ணுறதுக்காக இதைச் சொல்லல. என்னை நிறுத்தினது அந்தப் படங்கள்தான்.

அங்க இருந்த நிலைமையை யோசிங்க. டாக்டருக்கு இங்கிலீஷ். அரண்மனைக்கு மராத்தி. எழுதுறவங்க மோடி எழுத்துல எழுதுவாங்க. மருந்து, சிகிச்சை பத்தின குறிப்பெல்லாம் மோடி ஆவணங்கள்லயும் இருக்கு. படுத்திருக்கிற நோயாளி பெரும்பாலும் தமிழ் பேசுறவரா இருந்திருப்பார். ஒருத்தரோட கண்ணைப் பத்தின சேதி மூணு பாஷை தாண்டணும். படத்துக்கு மட்டும் மொழிபெயர்ப்பு வேணாம். மூக்குப் பக்கம் எது, காதுப் பக்கம் எதுன்னு வரைஞ்சுட்டா வலதா இடதாங்கிற சந்தேகமே வராது. அதுக்காகத்தான் வரைஞ்சாங்களான்னா, அது என் ஊகம். ஆனா அந்த வேலையை அந்தப் படம் செஞ்சிருக்கும்.

அதே அரண்மனையிலதான் சரபேந்திர வைத்திய முறைகள் உருவாச்சு. சிகிச்சைகளைத் தொகுத்து தமிழ்ச் செய்யுளா ஆக்கினாங்க, கண் நோய்க்கும் தனிப் பகுதி உண்டு. ஏன் செய்யுள்? அந்தக் காலத்து வைத்தியர் பாடம் பண்ணித்தான் நினைவுல வெச்சுக்குவார். ஓசை இருந்தா மறக்காது. பொதுவான முறைக்குச் செய்யுள், இந்த ஒரு நோயாளியோட கண்ணுக்குக் கேஸ் ஷீட். படிக்கப் போறவர் யாருன்னு பார்த்து வடிவத்தை மாத்தியிருக்காங்க.

நாகப்பட்டினத்துக்கு எதிர்க்கரை, யாழ்ப்பாணம். அங்கயும் ஒருத்தர் இதே பிரச்சினையில மோதினார். சாமுவேல் கிரீன், அமெரிக்க மிஷன் டாக்டர். 1847ல் வந்தார், மானிப்பாய்ல மருத்துவம் சொல்லிக் கொடுத்தார். முதல்ல இங்கிலீஷ்ல. படிச்ச பசங்க அரசாங்க வேலைக்குப் போயிட்டாங்க, ஊர்ல டாக்டர் மிஞ்சல. 1860கள்ல பாடத்தையே தமிழுக்கு மாத்தினார். அவரும் அவர் மாணவர்களும் உடற்கூறு, பிரசவம், அறுவை சிகிச்சைன்னு பெரிய பெரிய புத்தகங்களைத் தமிழாக்கினாங்க. வேதியியல் நூலுக்கு 'கெமிஸ்தம்'னு பேர். தனித்தமிழ் அன்பர்கள் மன்னிக்கவும், ஊர்க்காரங்களுக்குப் புரிஞ்சா போதும்னு விட்டிருப்பார் மனுஷன்.

நம்ம காலத்துக்கு வாங்க. அமெரிக்காவுல ஜாயிண்ட் கமிஷன் 2004ல் எழுதவே கூடாத சுருக்கங்கள்னு ஒரு பட்டியல் போட்டுச்சு. தினம் ஒரு முறைன்னு அவங்க எழுதுற 'க்யூ.டி.', யூனிட்டுக்கு எழுதுற 'யு' எல்லாம் அதுல இருக்கு. அவசரத்துல எழுதின 'யு' சைபர் மாதிரி தெரிஞ்சா, 4 யூனிட் இன்சுலின் 40 ஆயிடும். இந்தியாவுல 2016 திருத்தப்படி மருந்தைப் பொதுப்பெயர்ல, படிக்கிற மாதிரி, முடிஞ்சா கேபிடல் எழுத்துல எழுதணும். நல்ல விதி. ஆனா ஓ.டி.யை எவ்ளோ பெரிய எழுத்துல எழுதினாலும் அது ஓ.டி.தான்.

"ஒரு நாளைக்கு நூறு பேரைப் பார்க்கிறோம், இதுக்கெல்லாம் எங்க டைம்?"னு சக டாக்டர்கள் கேப்பீங்க. நானும் அதே ஓ.பி.யிலதான் உட்கார்ந்திருக்கேன். 'ரெண்டு கண், ராத்திரி ஒரு சொட்டு'ன்னு தமிழ்ல எழுத எனக்குப் பத்து செகண்டு கூட ஆகல, எண்ணிப் பார்த்தேன். அப்புறம் நோயாளியையே திருப்பிச் சொல்லச் சொல்றேன். அதுக்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆகும், உண்மைதான். எல்லாருக்கும் முடியறதில்ல. சொட்டு மருந்து, இன்சுலின், புதுசா ஆரம்பிக்கிற மருந்து, இதுக்கு மட்டுமாவது விடறதில்ல.

கண் சொட்டு மருந்துன்னா சீட்டுப் பின்னாடி ஒரு முகம் வரைவேன். வட்டம், ரெண்டு கண்ணு, ஒரு மூக்கு, எந்தக் கண்ணுல விடணுமோ அங்க அம்புக்குறி. பக்கத்துல 'உங்க வலது', 'உங்க இடது'. ஃபார்மசியில முதல்ல சிரிச்சாங்க, இப்போ நான் வரைய மறந்தா திருப்பி அனுப்புறாங்க.

போன வாரம் ஒரு தாத்தா சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு, "எனக்கு மீசை போடலியே டாக்டர்"ன்னார். போட்டுக் கொடுத்தேன்.