கண்டிக்குச் சென்ற வழியும் காலமும்

கொழும்பிலிருந்து கண்டி நேர்கோட்டில் ஏறத்தாழ 58 மைல் தொலைவில் உள்ளது. ஆகாய விமானம் அரை மணிக்குள் கடக்கத்தக்க தூரம் இது. தரைவழிச் சாலையோ மலையைச் சுற்றி வளைந்து 72 மைலாக நீள்கின்றது. இவ்வளவு சிறிய தூரமே ஒரு காலத்தில் ஓர் அரசைக் காத்து நின்றது என்பது சிந்தித்தற்குரியது.

நீர், மலை, காடு என அரணுக்குத் திருவள்ளுவர் கூறிய உறுப்புக்கள் கண்டி இராச்சியத்திற்கு இயற்கையாகவே வாய்த்திருந்தன. ஒற்றையடிப் பாதைகளில் முட்கதவுகள் பொருந்திய கடவைகளை அமைத்து, மன்னர் அவ்வரணை மேலும் வலுப்படுத்தினர். 1594 இலும் 1638 இலும் போர்த்துக்கேயர் தலைநகர்வரை வந்தனர். ஆயின் திரும்பும் வழியில் முறையே தந்துரையிலும் கன்னொறுவையிலும் அழிந்தனர். 1803 இல் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலப் படையும் நோயால் நலிந்து சரணடைந்தது. எனவே, கண்டியை அடைதல் அரிதன்று. அடைந்தபின் நிலைத்தலே அரிதாயிற்று.

1815 இல் பிரதானிகள் சிலரின் துணையாலேயே ஆங்கிலேயர் இராச்சியத்தைப் பெற்றனர். 1817 இல் மூண்டு மறு ஆண்டிலும் தொடர்ந்த பெருங்கிளர்ச்சி, சாலையின்றி ஆட்சி இல்லை என்பதை அவர்களுக்கு உணர்த்திற்று. எட்வேட் பாண்ஸ் தேசாதிபதியின் முயற்சியால் கடுகண்ணாவைக் கணவாயூடாகச் சாலை எழுந்தது. மலையைத் துளைத்து வருவோரே கண்டியை ஆள்வர் என மலைநாட்டு மக்கள் நம்பினர் என்பர். அவ்வழியிற் குடையப்பட்ட பாறையை இன்றும் காணலாம். 1832 இல் குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கிற்று. கண்டியின் இறுதி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூர்ச் சிறையில் மறைந்ததும் அதே ஆண்டிலேயே.

படைக்கென அமைந்த சாலை பின்னர்க் கோப்பிக்கு உரியதாயிற்று. மாட்டு வண்டிகள் பல நாட்கள் இழுத்த சுமையை, 1867 இல் கண்டியை எட்டிய புகையிரதம் சில மணி நேரத்திற் கொழும்பு சேர்த்தது. றம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவைவரை ஏறத்தாழ 45 அடிக்கு ஓரடி உயர்ந்து செல்லும் இப்பாதை அக்காலப் பொறியியலின் அருஞ்செயலாகும்.

ஆனால், அக்கோப்பியைப் பறித்தவரின் பயணம் எத்தகையது? தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், காட்டு வழியே நூறு மைலுக்கும் மேலாக நடந்து மாத்தளையை அடைந்தனர். பசியாலும் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டவர் பலர். கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே புகைவண்டி ஓடத் தொடங்கிய பின்னரும் இந்நடை பல்லாண்டு தொடர்ந்தது. தலைமன்னார்க்குப் புகையிரதப் பாதை எட்டியது 1914 இலேயே.

சாலையை அமைத்த பொறியியலாளர் டோசனுக்குக் கடுகண்ணாவையில் உயர்ந்த நினைவுத் தூண் உண்டு. இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியத்தால் அச்சாலையை வெட்டிய சிங்களக் குடியானவருக்கோ, வடபாதையில் வீழ்ந்த தமிழ்த் தொழிலாளருக்கோ அத்தகைய தூண் அவ்வழிகளில் எழவில்லை. காலம் சுருங்கியது பொறியாலும் திட்டத்தாலும் மட்டுமன்று. பெயரறியாதோர் பல்லாயிரவர் உழைப்பாலும் உயிராலுமே. கண்டிச் சாலையின் வரலாற்றை எழுதுவோர் மைற்கற்களோடு அவர்களையும் எண்ணுதல் கடனாகும்.