ஒளூ நீரும் கழிவுநீரும்: மின்சாரம் அதிகம் தேவைப்படாத சுத்திகரிப்பு முறைகள்

சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வரை தொழிற்சாலைகள் பெருகப் பெருக, குடியேறும் குடும்பங்களும் வாடகை வீடுகளும் பெருகிவிட்டன. பாதாளச் சாக்கடை எட்டாத தெருக்களில் கழிவெல்லாம் செப்டிக் டேங்கில்தான் சேர்கிறது. பக்கத்திலேயே போர்வெல்லும் இருக்கிறது. ஆகவே இது நம்முடைய தஹாரத் (தூய்மை) சம்பந்தப்பட்ட விஷயமும்கூட.

ஒளூ நீரைக் கலக்க வேண்டாம்

ஒளூ செய்து வழிந்த நீர் சுத்தமானது. ஹனஃபி, ஷாஃபி இரு மத்ஹபுகளிலும் ஏற்கப்பட்ட கருத்து இதுவே. அதைக் கொண்டு மீண்டும் ஒளூ செய்ய முடியாது, அவ்வளவுதான். அந்த நீரைக் கழிவறைக் குழாயோடு இணைக்கும்போது, சுத்தமான நீரை நாமே நஜீஸாக்கி விடுகிறோம்.

இன்னொரு கேடும் உண்டு. செப்டிக் டேங்கில் கழிவு அடியில் படிய, நீர் ஒரு நாளாவது தங்க வேண்டும். ஜும்ஆ நேரத்தில் ஒளூ நீர் மொத்தமாகப் பாய்ந்தால், படியாத கழிவு வெளியே தள்ளப்பட்டு மண்ணில் இறங்கும், கிணற்றையும் எட்டலாம்.

கல்வாழைப் படுகை

ஒளூ நீரைத் தனிக் குழாயில் ஒரு சிறு தொட்டிக்குக் கொண்டு வந்து மண்ணைப் படியவிடலாம். பிறகு இரண்டடி ஆழத்துக்கு ஜல்லி நிரப்பி, கல்வாழை நட்ட படுகை வழியே செலுத்தலாம். ஜல்லியிலும் வேரிலும் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடும். நீர் ஜல்லிக்குக் கீழேயே ஓடுவதால் கொசு வராது. சரிவு இருந்தால் மோட்டாரும் வேண்டாம். வெளிவரும் நீர் மரம் செடிகளுக்கு உதவும்.

கழிவறை நீருக்கு

இதற்குக் கூடுதல் கட்டங்கள் தேவை: படிவுத் தொட்டி, தடுப்புச் சுவர்கள் கொண்ட காற்றில்லாத் தொட்டி, ஜல்லிப் படுகை, இறுதியாக வெயில் படும் குளம். புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனையின் கழிவுநீர் இம்முறையில்தான் சுத்திகரிக்கப்பட்டுத் தோட்டத்துக்குப் பாய்கிறது. நம் ஊரின் வெப்பம் இந்நுண்ணுயிர்களுக்குச் சாதகமானது. இடம் சற்று அதிகம் வேண்டும் என்பதே இதன் குறை.

டேங்கில் சேரும் சேறு

நம் செங்கல்பட்டு மாவட்டத்தில், மதுராந்தகம் அருகே கருங்குழியில்தான் தமிழகத்தின் முதல் கசடு கழிவுச் சுத்திகரிப்பு நிலையம் அமைந்தது. லாரியில் வரும் சேற்றைப் படுகைகளில் பரப்பி வெயிலில் உலர்த்துகிறார்கள். லாரி அழைக்கும்போது, கழிவை எங்கே கொட்டுவீர்கள் என்று கேளுங்கள். ஏரியிலோ ஓடையிலோ கொட்டுபவரை அழைக்காதீர்கள். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். தகுந்த பாதுகாப்பின்றி மனிதரை டேங்குக்குள் இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விஷவாயு நொடியில் உயிரைப் பறித்துவிடும்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

நிறம், மணம், சுவை மாற்றம் எதுவும் எஞ்சாத அளவுக்குச் சுத்திகரிக்கப்பட்ட நீர் தூய்மையானது என்று சவூதி மூத்த உலமாக்கள் சபை 1978-இல் தீர்மானித்தது. மேலே சொன்ன எளிய முறைகள் அந்த அளவை எட்டுவதில்லை. எனவே அந்நீரைச் செடிகளுக்கு மட்டும் பயன்படுத்துவோம். குடிக்கவோ ஒளூவுக்கோ வேண்டாம்.

பள்ளிவாசல் நிர்வாகிகள் அடுத்த மராமத்தின்போது ஒளூக் குழாயைத் தனியே பிரிப்பதிலிருந்து தொடங்கலாம். அண்டை வீட்டாரின் கிணற்றைக் காப்பதும் அவர்களுக்கு நாம் செலுத்த வேண்டிய ஹக்குதான். அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக!